என் சுபாவத்துக்கு இந்தப் படிப்பு ஒத்துவராதா?

வாசகியின் கடிதம் நீளமானது. பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

வயது 19. மெக்கானிக்கல் பொறியியல், இரண்டாம் ஆண்டு. சிறு வயதிலிருந்தே வீட்டில் பழுதான எதையும் பிரித்துப் பார்க்காமல் விட்டதில்லை; கணக்கும் பிடிக்கும்; அதனால் தானே கேட்டு வாங்கிய படிப்பு. வகுப்பில் பெண்கள் நான்கே பேர். "நான் அதிகம் பேசமாட்டேன். யாராவது குரலை உயர்த்தினால் விட்டுக்கொடுத்துவிடுவேன். ஒர்க்‌ஷாப்பில் லேத்தை (உலோகம் கடையும் இயந்திரம்) பையன்கள் பார்த்துக்கொள்வார்கள், ரெக்கார்டு எழுதுவது என் வேலை" என்கிறார். முதல் இரண்டு செமஸ்டரும் நன்றாகப் போனது. மூன்றாவதில் தெர்மோடைனமிக்ஸில் (வெப்ப இயக்கவியல்) அரியர். அந்தச் சமயத்தில் இணையத்தில் ஓர் ஆளுமைச் சோதனை செய்திருக்கிறார். ஒவ்வோர் எழுத்தும் ஒரு குணத்தைக் குறிக்கும் நான்கெழுத்து விடை வந்தது: பிறரைப் பேணும் குணம், உள்முக சுபாவம். பொருத்தமான துறைகள் என்று ஆசிரியப் பணி, உளவியல், செவிலியம் மூன்றையும் காட்டியிருக்கிறது. பெரியப்பா மகள் அக்கா, "அப்படியே நீதான்! உளவியலுக்கு மாறிவிடு" என்கிறார். அப்பாவோ, "அப்பவே சொன்னேன், இது பசங்க படிப்புன்னு" என்கிறார். ஞாயிறு இரவானால், மறுநாள் கல்லூரிக்குப் போகவேண்டுமே என்று அழுகை வருகிறது.

அவர் கேட்பது: "என் சுபாவமே இந்தத் துறைக்கு எதிரானதா? பெண்களுக்கு இயல்பாகவே மனிதர்கள் சார்ந்த படிப்புதான் வரும் என்பது அறிவியல்படி உண்மையா? மாறிவிடட்டுமா?"

அன்புள்ள வாசகிக்கு,

இவ்வளவு எழுதிய நீங்கள் மெக்கானிக்கல் என்ற பாடத்தைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. குறையெல்லாம் வகுப்பைப் பற்றி, குழுவைப் பற்றி, ஒரு தேர்வைப் பற்றி, கடைசியில் உங்களைப் பற்றி. கியர் அலுத்துவிட்டது என்றோ, வரைபடத்தைப் பார்த்தாலே தூக்கம் வருகிறது என்றோ எங்கும் இல்லை. சரி, உளவியலில் இன்ன விஷயம் என்னை இழுக்கிறது என்றாவது ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். அதுவும் இல்லை. உங்கள் சுபாவத்துக்கு அது சரிப்படும் என்று பிறர் சொன்னது மட்டும்தான் இருக்கிறது. நாம் பேச்சை இங்கிருந்து தொடங்குவோம்.

அந்தச் சோதனையை எவ்வளவு நம்பலாம்?

நான்கெழுத்துச் சோதனைகளின் வேர் 1921இல் கார்ல் யுங் எழுதிய உளவியல் வகைகள் பற்றிய கோட்பாடு. அதை எடுத்து வினாத்தாளாக்கியவர்கள் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் அதைப் பார்த்துச் செய்தவை. இவற்றில் எனக்குள்ள முக்கியமான புகார் இதுதான்: மனித குணங்கள் உயரத்தைப் போலக் கூடியும் குறைந்தும் தொடர்ச்சியாக இருப்பவை, பெரும்பாலோர் நடுவில்தான் நிற்கிறோம். சோதனையோ நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் உள்முகம், அந்தப் பக்கம் வெளிமுகம் என்று பிரித்துவிடுகிறது. கோட்டுக்கு அருகில் நிற்பவருக்கு இன்று ஓர் எழுத்தும் அடுத்த மாதம் வேறோர் எழுத்தும் வரும். நீங்கள் அரியர் வந்த வாரத்தில் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வாரத்தில் யார்தான் உள்முகமாக இருக்கமாட்டார்கள்?

ஆய்வாளர்கள் அதிகம் நம்புவது ஐந்து குணங்களைத் தனித்தனி அளவாகப் பார்க்கும் முறையை: புதியவற்றுக்கு மனம் திறந்திருப்பது, பொறுப்பும் ஒழுங்கும், வெளிமுகம், இணக்கம், மனப் பதற்றம். எந்தத் துறையில் எந்தக் குணக்காரர்கள் அதிகம் என்று பார்த்த பல ஆய்வுகளை 2016இல் ஆன்னா வெடல் என்ற ஆய்வாளர் தொகுத்தார். கலை, மானுடவியல் பக்கம் போகிறவர்களிடம் திறந்த மனம் சராசரியாகக் கூடுதல். பொருளியல், வணிகம், சட்டம் பக்கம் இணக்கம் சற்றுக் குறைவு. வித்தியாசம் இருப்பது உண்மை. ஆனால் இவை அந்தத் துறையில் ஏற்கெனவே சேர்ந்தவர்களின் சராசரிகள். யார் சேர்கிறார்கள் என்பதைச் சொல்லுமே தவிர, யார் சேரலாம், யார் நன்றாக வருவார்கள் என்பதை அவை சொல்வதில்லை. நன்றாக வருவதைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. ஆர்தர் போரோபட் 2009இல் செய்த பெரிய தொகுப்பாய்வில், ஐந்தில் மதிப்பெண்ணோடு அதிகம் ஒத்துப்போன குணம் பொறுப்பும் ஒழுங்கும்தான். கூச்சமும் கலகலப்பும் அந்த விஷயத்தில் பெரிதாக எடுபடவில்லை. குழு முழுவதற்கும் ரெக்கார்டு எழுதி, தேதி தவறாமல் ஒப்படைப்பவர் நீங்கள். எனவே அந்தக் குணத்துக்கு உங்களிடம் பஞ்சமில்லை என்றே படுகிறது.

படிப்பைத் தேர்வதில் சுபாவத்தைவிட ஆர்வத்துக்கே எடை அதிகம். ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த, ஆலோசகர்கள் இன்றும் பயன்படுத்தும் முறையில் ஆர்வங்கள் ஆறு வகை: செய்முறை, ஆய்வு, கலை, சமூகம், முனைவு, ஒழுங்குமுறை. பழுதானதைப் பிரித்துப் பார்க்கும் பெண் இதில் எங்கே வருவார் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். அமைதியானவர், விட்டுக்கொடுப்பவர் என்பதெல்லாம் நீங்கள் வேலை செய்யும் விதம். எதில் வேலை செய்வது என்பது வேறு கேள்வி. உங்கள் சோதனை முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு இரண்டாவதற்கும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறது.

ஆர்வச் சோதனைகள் மட்டும் சுத்தமா என்றால், அவற்றின் வரலாறும் பார்க்க வேண்டியதுதான். எட்வர்ட் ஸ்ட்ராங்கின் புகழ்பெற்ற தொழில் ஆர்வப் படிவம் 1927இல் ஆண்களுக்காக வந்தது. பெண்களுக்கு 1933இல் தனிப் படிவம் வந்தது. அதில் இல்லத்தரசி என்பதும் ஓர் அளவுகோல். இரண்டையும் ஒன்றாக்க 1974 ஆகிவிட்டது. அதுவரை ஒரு பெண்ணின் ஆர்வத்தை முழுத் தொழில் உலகத்தோடு வைத்து அந்தப் படிவம் ஒப்பிட்டதே இல்லை.

இன்னொரு கதை உங்களுக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். எனியாக் என்ற ஆரம்பகால மின்னணுக் கணினிக்கு 1940களின் நடுவில் நிரல் அமைத்த முதல் குழு ஆறு பெண்கள். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1966இல், கேனன், பெர்ரி என்ற இரு உளவியலாளர்கள் நிரலாளர்களின் ஆர்வங்களை அளந்தார்கள். அவர்கள் அளந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். நிரலாளர்கள் புதிர்களை விரும்புகிறவர்கள், மனிதர்களோடு நெருங்கிப் பழகுவதை அவ்வளவாக விரும்பாதவர்கள் என்று முடிவு வந்தது. ஆள் எடுப்பில் இந்தச் சித்திரம் ஊறிப்போய், பேசாத ஆண்தான் கணினிக்கு ஏற்றவர் என்றாகிவிட்டது. அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1984 வாக்கில் 37 சதவீதத்தைத் தொட்டு, பிறகு பாதியளவுக்கு இறங்கியது. அதற்குக் காரணங்கள் பல உண்டு. இந்தச் சித்திரமும் அதில் ஒன்று என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஆக, பேசாத சுபாவம் ஆணிடம் இருந்தபோது அது தொழில்நுட்பத்துக்கான தகுதி. உங்களிடம் இருக்கும்போது அதுவே வெளியே போகச் சொல்லும் சீட்டு!

பெண்களின் இயல்பு என்ற கேள்வி

இதை மழுப்ப விரும்பவில்லை. கருவி, இயந்திரம் போன்ற பொருள்கள் சார்ந்த வேலையா, மனிதர் சார்ந்த வேலையா என்ற ஆர்வத்தில் ஆண் பெண் சராசரிக்கு இடையே வித்தியாசம் இருக்கிறது, அது சிறியதும் அல்ல. ரோங் சூவும் அவர் சகாக்களும் 2009இல் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பதில்களைத் தொகுத்துக் கண்டது அது. உளவியலில் பார்க்கும் பாலின வித்தியாசங்களில் பெரியவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் அந்த அளவை நடைமுறைக்குக் கொண்டுவந்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் பொறுக்கினால், ஏறத்தாழ நான்கில் மூன்று முறை ஆணுக்குப் பொருள் பக்கச் சாய்வு அதிகம் இருக்கும். நான்காவது முறை பெண்ணுக்கு. நான்கில் ஒன்று என்பது அபூர்வமே அல்ல. இணக்கம் என்ற குணத்தில் இடைவெளி இன்னும் குறுகல். அதே மாதிரி பொறுக்கினால் பத்தில் ஆறு முறைக்குச் சற்று மேல்தான் பெண் முன்னிற்பார்.

இந்த வித்தியாசம் பிறவியா வளர்ப்பா என்று உங்கள் அக்காவோடு விடிய விடிய வாதிடலாம். உங்கள் முடிவுக்கு அந்த விடை தேவையில்லை. ஊர் பேர் தெரியாத ஒருவரின் விருப்பத்தை ஊகிக்கத்தான் சராசரி உதவும். உங்கள் விருப்பத்தை ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை, அதற்குப் பத்து வருட சாட்சி உங்கள் வீட்டில் பிரித்துப்போட்ட சாமான்களாகக் கிடக்கிறது.

ஆனால் ஒன்று உங்கள் விஷயத்தில் நேரடியாகப் பொருந்தும். ஷெல்லி கோரல் என்ற சமூகவியலாளர் 2001இல் காட்டியது: கணக்கில் ஒரே மதிப்பெண் எடுத்த மாணவன், மாணவி இருவரில், தனக்குக் கணக்கு வரும் என்று நம்புவது மாணவன்தான் அதிகம். அந்த நம்பிக்கையே பின்னால் யார் எந்தப் படிப்புக்குப் போகிறார்கள் என்பதைப் பாதிக்கிறது. இப்போது உங்கள் அரியரைப் பாருங்கள். தெர்மோடைனமிக்ஸ் உங்கள் வகுப்பில் உங்களை மட்டுமா கவிழ்த்தது? எத்தனை பேருக்கு அரியர், அதில் பையன்கள் எத்தனை பேர், அவர்களில் யாராவது அதைத் தன் சுபாவத்தோடு முடிச்சுப் போட்டார்களா என்று விசாரியுங்கள். "படிக்கல, அடுத்த தடவை எழுதிக்கலாம்" என்று போயிருப்பார்கள். அந்தப் பாடத்தில் வரும் என்ட்ரோபி என்ற கருத்து முதல் வாசிப்பில் எவருக்கும் பிடிபடுவதில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதம் நன்றாக எழுதப்பட்ட கடிதம். மொழியும் கணக்கும் இரண்டும் வருகிறவர்கள், கணக்கு மட்டும் வருகிறவர்களைவிட அறிவியல், பொறியியல் பக்கம் தங்குவது குறைவு, அப்படி இரண்டும் வருகிறவர்களில் பெண்கள் அதிகம் என்று 2013இல் வாங், எக்லஸ், கென்னி மூவரும் செய்த ஆய்வு சொல்கிறது. அவர்களுக்குப் போக வேறு இடம் இருக்கிறது, அதனால் போகிறார்கள். அதில் தவறே இல்லை. ஆனால் "என்னால் முடியாது" என்று போவதும் "எனக்கு இன்னொன்றும் முடியும்" என்று போவதும் ஒன்றல்ல.

பாடமா, வகுப்பா?

உங்கள் தவிப்பு பாடத்தால் வருகிறதா, சூழலால் வருகிறதா என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. இதே வகுப்பில், இதே பையன்களோடு, பாடம் மட்டும் உளவியலாக மாறினால் திங்கள்கிழமை எப்படி இருக்கும்? பாடம் மெக்கானிக்கலாகவே இருந்து, குழுவில் உங்கள் பேச்சைக் கேட்கும் நான்கு பேர் இருந்தால் எப்படி இருக்கும்? யாரும் இல்லாத இரவில் தனியாக உட்கார்ந்து ஒரு பொறிமுறைக் கணக்கைப் போடும்போது நேரம் போவது தெரிகிறதா, தெரியாமல் போகிறதா? பதிலை எனக்கு எழுத வேண்டாம், ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் ஊகம் என்ன என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு கடிதத்தை வைத்து நான் ஊகிப்பதை நீங்கள் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

1990களில் எலைன் செய்மோர், நான்சி ஹெவிட் இருவரும் அமெரிக்காவின் ஏழு உயர்கல்வி நிறுவனங்களில் அறிவியல், பொறியியல் படிப்பை விட்டுப்போன மாணவர்களிடமும் தங்கியவர்களிடமும் நீண்ட உரையாடல்கள் நடத்தினார்கள். இரு தரப்பின் திறமையிலும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை; புகார்களும் பெரும்பாலும் ஒன்றேதான், மோசமாகக் கற்பிக்கிறார்கள் என்பது அதில் முக்கியமானது. போனவர்களுக்கு மட்டும் இருந்த தனிக் கோளாறு என்று ஒன்று அகப்படவில்லை.

ஒர்க்‌ஷாப் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் எனக்குக் கோபம் வந்த இடம் அது. நீங்கள் அதை உங்கள் சுபாவத்தின் விளைவாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் பயிற்சி மறுக்கப்படுவதாகப் பார்க்கிறேன். லேத்தில் கை வைக்காமல் இரண்டு வருடம் போனால் மூன்றாம் வருடம் உண்மையாகவே பின்தங்குவீர்கள். அப்போது எல்லாரும், நீங்கள் உட்பட, "பார்த்தாயா, பெண்களுக்கு வராது" என்பீர்கள். கலப்புக் குழுக்களில் பெண்கள் எழுத்து வேலைக்கும் ஆண்கள் கருவிக்கும் ஒதுங்குவது பொறியியல் கல்வி ஆய்வுகளில் பலமுறை பதிவான விஷயம். இதற்கு நீங்கள் சத்தமாகச் சண்டை போடத் தேவையில்லை. ஒவ்வொரு வாரமும் வேலையைச் சுழற்சி முறையில் மாற்றும்படி ஆய்வகப் பொறுப்பாசிரியருக்கு நான்கு வரி எழுதிக் கொடுங்கள். மற்ற மூன்று பெண்களும் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. பேசக் கூச்சப்படுகிறவருக்கு எழுத்து நல்ல ஆயுதம். ஆசிரியர் அசையவில்லையென்றால் துறைத் தலைவர், அதற்கும் மேலே கல்லூரியின் குறைதீர்ப்பு அமைப்பு. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்க 1979இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கையின் 10ஆவது பிரிவு, தொழில் வழிகாட்டலும் கல்வி வாய்ப்பும் ஆண்களுக்கு உள்ள அதே நிபந்தனைகளில் கிடைக்க வேண்டும் என்கிறது. உலகின் மிகப் பெரும்பாலான நாடுகள் ஏற்ற ஒப்பந்தம் அது. கடிதத்தில் அதை மேற்கோள் காட்டத் தேவையில்லை. நீங்கள் சலுகை கேட்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

உங்கள் முன்னால் உள்ள வழிகள்

தங்குவது: ஒரு செமஸ்டர் கெடு வைத்துக்கொண்டு தங்கலாம். ஆனால் எதையும் மாற்றாமல் பல்லைக் கடித்துக்கொண்டு தங்குவதில் பயனில்லை. வேலைச் சுழற்சி, அரியரைச் சேர்ந்து படிக்க ஒரு துணை, ஏதாவது ஒரு மாணவர் திட்டக்குழு, இவை மூன்றும் நடந்த பிறகும் பாடம் கசந்தால், அந்தக் கசப்பை நம்பலாம்.

உளவியலுக்கு மாறுவது: முதலில் ஒரு முதலாண்டுப் பாடத்திட்டத்தை வாங்கி முழுதாகப் படியுங்கள். பிறர் மனக்குறையைக் கேட்கும் படிப்பு என்று நினைத்திருந்தால் அதிர்ச்சியாகும். புள்ளியியல், ஆய்வு வடிவமைப்பு, நரம்பியல் எல்லாம் அதில் உண்டு. ஆலோசகராக இளநிலைப் பட்டம் மட்டும் பொதுவாகப் போதாது. மேற்படிப்பும் மேற்பார்வையின்கீழ் பயிற்சியும் வேண்டும். அதிலும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது, மறுத்துப் பேசவேண்டிய தருணங்கள் இந்தத் தொழிலில் நிறைய. படித்த பாடங்களில் எத்தனை புதிய துறையில் கணக்கில் சேரும், எத்தனை வருடம் கூடும், உதவித்தொகை இருந்தால் தொடருமா என்று கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நடுவில் உள்ளவை: உங்கள் அக்கா இதை யோசித்திருக்கமாட்டார். இரண்டாம் உலகப்போரின்போது பி-17 விமானங்களை இறக்கும் விமானிகள் சக்கரத்தை மடக்கும் பிடியையும் இறக்கைத் தட்டியின் பிடியையும் மாற்றி இழுத்து விபத்துக்குள்ளானார்கள். இரண்டு பிடிகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்ததுதான் காரணம் என்று கண்டவர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர். சக்கரப் பிடிக்குச் சக்கர வடிவத்தையும் தட்டிப் பிடிக்கு ஆப்பு வடிவத்தையும் கொடுத்ததும் குழப்பம் தீர்ந்தது. கருவிகளை மனித இயல்புக்கு ஏற்ப வடிவமைக்கும் மனிதக் காரணிப் பொறியியல் என்ற துறையின் ஆரம்பகாலக் கதை இது. செயற்கைக் கை கால், மறுவாழ்வுக் கருவிகள், உயிர் இயந்திரவியல், பாதுகாப்பு வடிவமைப்பு எல்லாம் மெக்கானிக்கலிலிருந்து நேராகப் போகக்கூடிய வழிகள். பேணும் குணம் உங்களிடம் இருப்பது உண்மையானால், அதற்காக லேத்தை விடவேண்டியதில்லை. விருப்பப் பாடமாக உளவியல் எடுக்க உங்கள் கல்லூரி அனுமதிக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஞாயிறு இரவு அழுகையைத் தனியாகச் சொல்லவேண்டும். அது எத்தனை வாரமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. தூக்கம், பசி கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போயிருந்தாலோ, கல்லூரி மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ முதலில் பாருங்கள். வாழ்ந்து என்ன என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் அன்றே, தாமதிக்காமல். துறை மாறும் விண்ணப்பத்தை அந்த மனநிலையில் எழுத வேண்டாம்.

அப்பா சொன்னதற்குப் பதில் வாதத்தால் கிடைக்காது. அவர் பயப்படுவது எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். வேலை கிடைக்குமா, பாதுகாப்பாக இருப்பாயா என்பவைதான் பெரும்பாலும் அடியில் இருக்கும். அவை நியாயமான கேள்விகள், விவரம் காட்டிப் பேசலாம். படிப்பு வெளியேற்றும்வரை காத்திருந்து "அப்பவே சொன்னேன்" என்று முடிக்க அவருக்கும் விருப்பம் இருக்காது.

இந்த வாரம் இரண்டு வேலை. துறை மாற விண்ணப்பிக்கும் கடைசித் தேதி எது என்று அலுவலகத்தில் கேளுங்கள். கெடு தெரியாமல் இருப்பதே பாதி பதற்றத்துக்குக் காரணம். அப்புறம், அடுத்த ஒர்க்‌ஷாப் வகுப்புக்கு முன்பே ரெக்கார்டு நோட்டை வேறொருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.